நிப்பாட்டுகிற கம்பி

ஜெயபுரம்
3.6.2001

அண்ணா,

இல்லை. மெசினை நான் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை.

ஐயாத்துரை அண்ணை வந்தார். குளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு. “கொண்ணன் விக்கச் சொல்லிப்போட்டான் பிள்ளை” என்றார். நீங்கள் எனக்கு எழுதவில்லை. அவருக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அதுதான் முதல் கோபம். அதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுகம் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்கிறா. கேட்கிறேன். புண் ஆறிவிட்டதா? இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டீர்களா? செஞ்சிலுவைக்காரரின் வாகனத்தில் உங்களை ஏற்றிய அன்று நான் பார்த்தது உங்கள் கால்களை மட்டும். செருப்பு ஒன்று குறைவு. அது இன்னும் முற்றத்தில் கிடந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

இங்கே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. குளத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு. புல் இல்லை. மாடுகள் வேலிக் கதியாலைக் கடிக்கின்றன. முழு வைக்கோலைப் போட்டால் பாதியைத் தின்னும், பாதியை மிதிக்கும். அரைத்துச் சீமைக்கிளுவை இலையோடு கலந்து போட்டால் தொட்டி துடைத்தாற்போல் ஆகிவிடும். இதைக் கண்டுபிடித்தது நீங்கள். விவசாயக் கம்பஸில் எனக்கு வைக்கோலுக்கு யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைக்கச் சொல்லித் தந்தார்கள். யூரியாவுக்குத் தடை, வவுனியாவுக்கு இந்தப் பக்கம் வராது. ஆகவே உங்கள் வைக்கோல் அரைக்கிற மெசின்.

மாசியில் உங்கள் கை போன நாளிலிருந்து அது சாக்கு மூடிக் கிடந்தது. ஊரில் ஒருவரும் அதற்குக் கிட்டப் போவதில்லை. ஆட்களைக் காவு கேட்கிறதாம்.

போன கிழமை நான் சாக்கை எடுத்தேன்.

சுமித்திரா

*

வவுனியா
16.6.2001

சுமித்திராவுக்கு,

எழுத்து கோணலாய்த்தான் இருக்கும். இடக்கை. ஆரையும் பிடிச்சு எழுதுவிக்க மனமில்லை. நான் உனக்குச் சொல்லுறது மற்றவை கேக்கிற கதையில்லை.

மெசின் என்ரை. ட்ரக்டரும் என்ரை. புதுக்குடியிருப்பிலை பட்டறை வாசலிலை படுத்துக் கிடந்து, எரிஞ்ச லொறியிலை இரும்பு வெட்டிக் குடுத்துச் செய்விச்சனான். நான் விக்கச் சொன்னால் விக்க வேணும். தங்கச்சியிட்டைக் கேட்டுத்தான் விக்க வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை.

நீ படிச்சனி. தெரியும். கிளிநொச்சியிலை கம்பஸ் இருந்த மட்டும் படிச்சனி. 96இலை அது ஓடினதோடை உன்ரை படிப்பும் ஓடிற்று. புத்தகத்திலை மாடு வைக்கல் தின்னும். மெசின் ஆள் தின்னுறது புத்தகத்திலை இல்லை.

உன்ரை தலைமயிரை நினைச்சுப் பார். சட்டையை நினைச்சுப் பார். ட்ரக்டருக்குப் பின்னாலை சுத்திற அந்தத் தண்டு ஒரு நூல் நுனியைப் பிடிச்சால் போதும், முழு ஆளையும் சுத்தி எடுக்கும். சாரத்தோடை நிண்ட எனக்கே பயம் இருந்தது. நீ பாவாடையோடை நிக்கப் போறியோ?

ஆஸ்பத்திரியிலை பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான், ஷெல்லோ மிதிவெடியோ எண்டு. வைக்கல் எண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சான். அவனுக்கு ஒரு கால் இல்லை. அவன் சிரிக்கிறான்.

இங்கை ஆமியிட்டைப் பாஸ் எடுக்கிறதே ஒரு சீவியம். மாமா வீட்டு விறாந்தையிலை படுக்கிறன். நான் இப்ப வர ஏலாது. வர ஏலாத ஆள் சொல்லுறதை நிக்கிற ஆக்கள் கேக்க வேணும்.

ஐயாத்துரை அண்ணைக்கு எழுத்திலை குடுத்திருக்கிறன். அவர் வந்து மெசினை எடுப்பார். தடுக்காதே. அம்மாவைப் பார்த்துக்கொள்.

விஜிதரன்

*

ஜெயபுரம்
29.6.2001

அண்ணா,

உங்கள் கடிதமும் ஐயாத்துரை அண்ணையும் ஒரே நாளில் வந்தார்கள். மகன் நிருஷன் அவர்களுடைய ட்ரக்டரைக் கொண்டுவந்திருந்தான். கொழுவி இழுத்துக்கொண்டு போக.

நான் அதற்கு முதலே தண்டைக் கழற்றிவிட்டேன். என் பாய்க்குக் கீழே வைத்துவிட்டேன். அது இல்லாமல் உங்கள் மெசின் ஒரு இரும்புத் தொட்டி. அதைச் சொன்னேன்.

அவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு, கோபம்கூட இல்லாமல் கேட்டார். “தேயிலைத் தோட்டத்துக்கை நிண்ட ஆக்களுக்கு மெசினுக்கை என்ன வேலை பிள்ளை?”

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தா. நீங்கள் அன்று இருந்திருக்க வேண்டும்.

“தேயில எங்கய்யா அரைபடுது? மரத்துலயா? இதுங்க அப்பா ஆண்டியப்பன் பேக்டரியில ரோலர் பக்கத்துல நின்ன மனுசன். ரெண்டு கையோடதான் செத்தாரு.”

நிருஷன் சிரித்துவிட்டான். தகப்பன் பார்த்த பார்வையில் ட்ரக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

இனி நான் கண்டதை எழுதுகிறேன்.

சில்லுகளுக்குக் கட்டை வைத்தேன். தண்டு கையில் இருந்தது. அதன் பிறகுதான் மூடியைத் திறந்தேன். இரத்தம் இல்லை. அம்மா எப்போதோ கழுவியிருக்கிறா. கத்திகள் பூட்டிய உருளை. கத்திகளுக்கு நடுவே நீலம்.

நூல். கூடாரத் துணியின் நூல்.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் தந்தார்களே, அந்த நீலத் துணி. கிழிந்த பிறகு ஓரத்தை உருவினால் நூல் வரும். அதில்தான் வேலி கட்டுகிறோம், வாளி கட்டுகிறோம், வைக்கோலும் கட்டுகிறோம். முந்தி வைக்கோலைத் திரித்துப் புரியாக்கி அதிலேயே கட்டுவார்கள். புரியும் வைக்கோல்தான். கத்தி அதையும் சேர்த்து அரைத்துவிடும். நீல நூலைக் கத்தி வெட்டாது. நூல் சுற்றும். இறுகும். உருளை நிற்கும். பெல்ற் வழுக்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவனுக்கு மெசின் நின்றுவிட்ட மாதிரித் தெரியும். அது நிற்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறது. நூல் தளர்கிற கணத்தில் உருளை பாயும்.

உங்கள் கை அப்போது அங்கே இருந்தது.

காவு இல்லை அண்ணா. நூல்.

ஏன் எஞ்சினை நிப்பாட்டாமல் கையை விட்டீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. பற்றரி இல்லாத ட்ரக்டரை நிப்பாட்டினால் பிறகு தள்ள வேண்டும். தள்ள ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஆகவே இந்த வன்னியில் யாரும் எதையும் நிப்பாட்டுவதில்லை. விதானையார் வந்தாலும் எஞ்சின் ஓடும். சோறு தின்னும்போதும் ஓடும். தண்டைச் சுற்ற விடுகிற லீவர் தெறிக்கிறதென்று அதைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறீர்கள். ஓடுகிற எஞ்சினில் அந்த லீவரைக் கழற்றலாம்தான். தேய்ந்த கியர்ப் பல், தானாக மறுபடி கொழுவாது என்று யார் சொன்னது?

இப்போது மெசினை ஓட்டுவது நான். நான் நிப்பாட்டுகிறேன். ஒவ்வொரு முறையும். எஞ்சினை நிப்பாட்டுகிற கம்பியை இழுக்கிறேன், எஞ்சின் சாகிறது, உருளை நிற்கும்வரை நிற்கிறேன். பிறகுதான் கை.

கட்டுகளை அவிழ்த்து உதறித்தான் போடுகிறோம். உதறும்போது விழுகிற சாமான்களைப் பார்த்தால் நீங்கள் பயப்படுவீர்கள். கல். ஆணி. நேற்று ஒரு ஷெல் துண்டு, என் உள்ளங்கை அளவு. அது உருளைக்குள் போயிருந்தால் மற்றப் பக்கத்தால் திரும்பவும் ஷெல்லாகத்தான் வந்திருக்கும். வைக்கோல் துப்புகிற பக்கத்தில் மாட்டைக்கூட நான் விடுவதில்லை.

தலைமயிர் பற்றிக் கேட்டீர்கள். அம்மா கட்டிவிடுகிறா, கொழுந்து எடுத்த காலத்தில் கட்டின மாதிரி, நெற்றியிலிருந்து பிடரிக்கு இறுக்கி. இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டவேண்டும் என்று நின்றா. அதை மட்டும் நான் விடவில்லை. பாவாடைக்குப் பதில் போடுகிற உங்கள் காக்கிக் களுசான் எனக்கு அளவாக இருக்கிறது.

சுமித்திரா

*

வவுனியா
11.7.2001

சுமித்திரா,

கை போனது எனக்கு. கதை சொல்லுறது நீ.

நூலாம். நூல் எண்டால் நான் காணமாட்டனோ? மெசினைச் செய்விச்சவன் நான். அதின்ரை ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். நீ சாக்கை எடுத்து ஒரு மாசத்திலை எனக்குப் படிப்பிக்க வந்திட்டாய்.

ஐயாத்துரை அண்ணை ஆள் அனுப்பி எனக்குச் சொன்னார். என்ரை சொல்லுக்கு ஊரிலை மரியாதை இல்லையாம். தங்கச்சி களுசான் போட்டுக்கொண்டு நிக்கிறாளாம். அம்மா முத்தத்திலை நிண்டு வாய் காட்டுறாவாம். எனக்கு விறாந்தையிலை இருந்து இதைக் கேக்க எப்பிடி இருக்கும் எண்டு நினைச்சியோ?

தண்டைக் குடு. இது கடைசிச் சொல்.

ஒண்டு மட்டும் விளங்கேல்லை. நீ ஒவ்வொரு முறையும் நிப்பாட்டுறாய் எண்டால் பிறகு ஆர் தள்ளுறது? அந்த ட்ரக்டர் சும்மா தள்ளுப்படாது. மெசினும் பின்னாலை கொழுவி நிக்கும். நான் இருக்கேக்கை ஆம்பிளையளைக் கூப்பிட்டால் இரண்டாந்தரம் வரமாட்டினம். மூண்டாந்தரம் சிரிப்பினம். உனக்கு ஆர் வருகினம்?

அதையும் எழுது.

விஜிதரன்

*

ஜெயபுரம்
24.7.2001

அண்ணா,

தண்டைக் கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஆண்கள் இரண்டாம் தரம் வரவில்லைதான். சரியாகச் சொன்னீர்கள். மூன்றாம் தரம் பனையடியில் நின்று சிரித்தார்கள். “வைக்கல் அரைக்கிறியளோ, தேர் இழுக்கிறியளோ?” இப்போது ஊரில் மெசினுக்குப் பெயர் தேர். யாரும் காவு என்று சொல்வதில்லை. அந்த வகையில் நன்மை.

சிவனேஸ்வரி அக்கா வந்தா. புருஷன் இல்லாமல் மூன்று மாடு வைத்திருக்கிறாவே, அவா. பிறகு எங்கள் வரிசை வீடுகளின் பெண்கள். குளக்கட்டின் அடியில், சரிவு தொடங்குகிற இடத்தில் நிறுத்தினேன். லீவரைக் கழற்றி விட்டு, கட்டையை எடுத்தால் பாதி வேலையைச் சரிவு செய்துவிடும். மிச்சப் பாதியைப் பெண்கள் செய்கிறார்கள். ஸ்ரார்ட் ஆனதும் ஒரு சுற்று வந்து அதே இடத்தில் நிற்பேன். எண்ணெய் கொஞ்சம் போகும். கை போகாது.

இனி மற்றது. உங்களுக்கு யாரும் சொல்வதற்கு முதல் நானே சொல்ல வேண்டும்.

ஐயாத்துரை அண்ணையின் பட்டியில் தீனி இல்லாமல் ஒரு பசு விழுந்துவிட்டது. எழும்பவில்லை. அடுத்த நாள் நிருஷன் வந்து வேலியில் நின்றான். உள்ளே வரவில்லை. “அப்பா கேக்கச் சொன்னவர்” என்றான். எதை என்று சொல்லவில்லை. நான் மெசினைக் கொழுவிக்கொண்டு போனேன். தண்டைச் சாக்கில் சுற்றி, ட்ரக்டரில் என் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு. சிவனேஸ்வரி அக்காவும் மற்றவர்களும் பின்னால் நடந்து வந்தார்கள்.

அங்கே போனதும் எல்லோரையும் மெசினுக்கு எட்ட நிற்கச் சொன்னேன். கிட்ட வருகிற ஆளின் உடம்பில் தொங்குகிறது ஒன்றும் இருக்கக் கூடாது என்றேன். சாரத்தை மடித்துக் கட்டவேண்டும். தோளில் சால்வை கூடாது.

ஐயாத்துரை அண்ணை சால்வையை இன்னொரு முறை சுற்றிப் போட்டார். “சால்வையை நான் கோயிலுக்கைதான் கழட்டுவன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய வளவு. அவருடைய வைக்கோல். அவருக்கும் தண்டுக்கும் நடுவே சிவனேஸ்வரி அக்காவை நிறுத்தினேன்.

அவருடைய கட்டுகளை நிருஷனும் அவர்களின் ஆட்களும் அவிழ்த்தார்கள். அதுதான் என் பிழை. நான் பார்த்திருக்க வேண்டும். ஒரு கட்டுக்குள் இன்னொரு சின்னக் கட்டு. அதற்குள் நீலம்.

உருளை நின்றது. பெல்ற் கருகி மணந்தது. நான் ட்ரக்டருக்குப் பக்கத்தில். நிருஷன் மெசினின் வாயில். அவன் குனிந்தான்.

“நிப்பாட்டாதை பிள்ளை” என்றார் ஐயாத்துரை அண்ணை. “இழுத்து விட்டால் போகும்.”

நான் கம்பியை இழுத்தேன்.

எஞ்சின் நின்றது. அந்த அமைதி உங்களுக்குத் தெரியும். எல்லோரும் என்னைத் திட்ட வாயைத் திறக்கிற அமைதி. எஞ்சின் நின்றுவிட்டதுதானே என்று நிருஷன் கையை நீட்டினான். எஞ்சின் நின்றது. உருளை சிக்கித்தான் நின்றது. இறுக்கம் இன்னும் உள்ளே இருந்தது. என் கையில் மாடு சாய்க்கிற பூவரசந்தடி. பாய்ந்துபோய் அவன் மணிக்கட்டில் ஒரு அடி. அவன் கை மேலே போனது, தடி உள்ளே போனது. நூல் அறுந்தது. உருளை பாய்ந்தது.

தடியின் மிச்சம் என் கையில். நுனி சீவினது மாதிரி இருந்தது.

நிருஷன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்னும் பின்னும் திருப்பி. மணிக்கட்டில் என் அடி சிவந்து கிடந்தது.

உருளை முழுக்க நின்ற பிறகு நான் நூலை எடுத்தேன். லீவரைக் கழற்றினேன். “தள்ள வேணும்” என்றேன்.

பெண்கள் வந்தார்கள். வளவு சமதரை. சரிவு இல்லை. ட்ரக்டர் அசையவில்லை.

ஐயாத்துரை அண்ணை சால்வையைக் கழற்றினார். மடித்தார். வேலியில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. சிவனேஸ்வரி அக்காவுக்குப் பக்கத்தில் போய், ட்ரக்டரின் மட்காட்டில் கையை வைத்தார். பிறகு அவருடைய ஆட்கள் எல்லோரும் வந்தார்கள்.

“தேர் இழுக்கிறதெண்டால் வடத்தைக் கொண்டு வாருங்கோவன்” என்றா சிவனேஸ்வரி அக்கா. ஐயாத்துரை அண்ணைகூடச் சிரித்தார்.

ஒரே தள்ளில் ஸ்ரார்ட் ஆனது.

சுமித்திரா

*

வவுனியா
6.8.2001

சுமி,

சால்வையைக் கழட்டினவரோ? உண்மையாயோ? அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். மாமாவுக்கும் வாசிச்சுக் காட்டினன்.

மாசியிலை வைக்கல் அரைக்க என்ரை முத்தத்திலை வரிசையிலை நிண்டவையிலை முதல் ஆள் அவர்தான். “நிப்பாட்டாதை தம்பி, இழுத்து விட்டால் போகும்.” அதே சொல்லு. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவரும் சொல்லியிருக்க மாட்டார். நீ அவரிட்டைக் கேக்காதே. சொன்னது அவர் எண்டாலும் கை என்ரை.

நூல் கதையைப் பற்றி இனி நான் ஒண்டும் எழுதேல்லை.

இந்தக் கடிதத்தோடை லொறியிலை ஒரு பிளாஸ்ரிக் குழாய் வருது. தண்ணிக் குழாய், பெரியது. தண்டு உள்ளுக்குச் சுத்த இடம் இருக்கும். நீளமாகப் பிளந்து தண்டுக்கு மேலாலை போட்டு இரண்டு தலைப்பிலையும் பட்டி அடி. ஒரு தலைப்பிலை சங்கிலித் துண்டு கொழுவி ட்ரக்டரிலை கட்டு. அப்பதான் தண்டு சுத்தும், குழாய் சுத்தாது. இதை நான் செய்விச்ச அண்டே பூட்டியிருக்க வேணும். இஞ்சை ஏத்தேக்கை ஆமிச் சோதனையிலை என்னத்துக்கெண்டு கேட்டவங்கள். வைக்கலுக்கு எண்டு சொல்ல நம்பேல்லை. உள்ளுக்கு என்ன எண்டு பார்க்க இரண்டாய் அறுத்துப் போட்டாங்கள். அளந்து பார். மிச்சம் வந்தால் நறுக்கு.

லீவருக்குக் கட்டின கம்பியை அறுத்து எறி. அதுக்குப் பதிலா ஒரு ஆணித் துளை போடலாம். வரைஞ்சிருக்கிறன். இடக்கையாலை வரைஞ்ச படம், மாடு மாதிரி இருக்கும். விளங்கும்.

விக்கச் சொன்னதை நான் இன்னும் திருப்பி எடுக்கேல்லை. பாஸ் கிடைச்சு நான் வந்து பார்த்த பிறகுதான் முடிவு. அதுவரைக்கும் தண்டு உன்னோடை இருக்கட்டும் எண்டு ஐயாத்துரை அண்ணைக்கு எழுதியிருக்கிறன்.

களுசானைத் தோய்ச்சு வை. எனக்கு ஒண்டுதான் இருந்தது.

அண்ணன்

*

ஜெயபுரம்
19.8.2001

அண்ணா,

களுசானைத் தரமாட்டேன். அதுவும் இப்போது மெசினின் ஒரு பாகம்.

முடிவு நீங்கள் வந்து எடுக்கலாம். வந்தால் துப்புகிற பக்கத்தில் நிற்கக் கூடாது, சாரத்தை மடித்துக் கட்ட வேண்டும், நான் சொல்லும்வரை மூடியைத் தொடக் கூடாது. மெசினின் சொந்தக்காரருக்கும் அதுதான். நீங்கள் விற்றாலும் வாங்குகிற ஆளுக்கும் அதுதான். நான் அங்கேயும் போய் நிற்பேன்.

குழாய் வந்தது. அவர்கள் அறுத்த இடத்தில் விளிம்பு கூராக இருந்தது. அரத்தால் தேய்த்தேன். உங்கள் மாடு விளங்கியது. நிருஷன் ஆணித் துளை போட்டான். அவர்கள் வளவில் எல்லாக் கட்டுகளையும் இப்போது புரியால் கட்டுகிறார்கள். அவனுடைய கைகள் புரி திரித்துக் காய்த்துவிட்டன. அதை எனக்குக் காட்டுகிறான். விழுந்த பசு எழும்பவில்லை. மற்றவை நிற்கின்றன.

கேட்காதே என்றீர்கள். நான் ஐயாத்துரை அண்ணையிடம் கேட்கவில்லை. கேட்பேன் என்றுதான் அன்று அவர்கள் வளவுக்கு அரைக்கப் போனேன். உங்கள் சொல்லை மீறத்தான் போனேன். அங்கே சால்வை வேலியில் தொங்கியது. அவர் எட்ட நின்றார். யாருடையதோ ஒரு பழைய வைக்கோல் கட்டுக்குள் நீலம் வந்து உருளை முனகியது. அவருடைய ஆள் ஒருவன் வாயடிக்குப் போனான்.

“நிப்பாட்டு பிள்ளை” என்றார்.

அந்தக் குரல் யாருக்கு என்று எனக்கு விளங்கியது. அது எனக்கில்லை. மாசியில் நின்ற ஒருவருக்கு. பிந்தி வந்திருக்கிறது. வந்ததை எழுதுகிறேன். நீங்கள் அதை வைத்திருந்தாலும் சரி, எறிந்தாலும் சரி.

அவர் சொல்வதற்கு முதலே என் கை கம்பியில் இருந்தது. இழுத்தேன். உருளை நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வலது கையை உள்ளே விட்டு, நூலை எடுத்து வெளியே போட்டேன். தள்ள வரச் சொன்னேன்.

சுமித்திரா